மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: இணைய அழைப்பும் ஃபயர்வாலும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு ஐ.பி. போன் மாட்டியிருந்தார்கள். ஆபீசில் எட்டு போன், பெருந்துறை யூனிட்டில் நான்கு. எல்லாமே இணையம் வழியாக வெளியில் இருக்கும் ஒரு சர்வரோடு பேசுபவை. மாட்டிய அன்று சாயங்காலமே அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் என்னைக் கூப்பிட்டார், செல்போனில். “ஏனுங்க, மணி அடிக்குதுங்க. எடுத்தா நாம பேசறது அவங்களுக்குக் கேக்குது. அவங்க பேசறது நமக்கு ஒரு சத்தமும் வரலீங்க. நெட் ஸ்பீடு பத்தலீங்களா?”

சிறு கம்பெனிகளுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் வேலை. கோவையிலிருந்து நாமக்கல் வரை இதே கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். ஸ்பீடு கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஜி.711 என்ற வழக்கமான முறையில் நம் குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒரு வினாடிக்கு 50 துண்டு. ஒரு துண்டில் குரல் 160 பைட், மேலே ஒட்டும் முகவரிச் சீட்டுகள் 40 பைட், ஆக 200 பைட். ஒரு திசைக்கு 80 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 100 எம்.பி. லைனில் ஒரு சதவீதம் ஆகாது. ஸ்பீடைக் கூட்டி மாதாமாதம் பணம் கட்டுவதில் பயனில்லை. குரல் எங்கோ வாசலில் நிற்கிறது. அந்த வாசல்தான் ஃபயர்வால்.

கேட்டில் இருப்பவரும் சலான் நோட்டும்

ஃபயர்வாலைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்க்காரர்களுக்கு வேறு உதாரணம் வேண்டாம், கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் போதும். துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது டெலிவரி சலான் போடுகிறோம். எத்தனை ரோல், எந்தப் பட்டறை, எந்த வண்டி என்று அவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். இரண்டு நாள் கழித்து அந்தப் பட்டறையிலிருந்து டெம்போ வந்தால் நோட்டைப் பார்க்கிறார். நாம் அனுப்பியதன் பதில் என்று தெரிந்தால் கேட்டைத் திறக்கிறார். நோட்டில் இல்லாத வண்டி எவ்வளவு ஹாரன் அடித்தாலும் வெளியேதான்.

இன்றைய ஃபயர்வால்கள் செய்வது இதுவேதான். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் வெளியே ஒரு பாக்கெட் (முகவரிச் சீட்டு ஒட்டிய தகவல் துண்டு) அனுப்பினால், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண்ணுக்கு என்று ஒரு பதிவு போடும். பதிவுக்குப் பொருந்தும் பதில் வந்தால் விடும். கதவு எண் என்று நான் சொல்வது போர்ட். ஒரு ஐ.பி. முகவரிக்கு இப்படி 65,535 கதவுகள். 1980களின் கடைசியில் வந்த முதல் ஃபயர்வால்களுக்கு நோட்டு கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகப் பார்த்து, விதியில் இருந்தால் விடும், இல்லாவிட்டால் தள்ளும். நோட்டு வைத்துப் பார்க்கும் முறை 1990களின் நடுவில் பரவியது.

இணையதளம் பார்ப்பதற்கும் மெயிலுக்கும் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்துகிறது. நாம் கேட்கிறோம், அதே பாதையில் பதில் வருகிறது. ஒரு சலான், ஒரு திரும்பு வண்டி. குரல் அழைப்பு அப்படி நடப்பதில்லை.

ஒரே அழைப்பு, இரண்டு பாதை

இணைய அழைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பான, ஆனால் தனித்தனியான இரண்டு வேலைகள் நடக்கின்றன. கூப்பிடுவது, மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் ஒரு வேலை. இதை எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை பார்த்துக்கொள்கிறது. 1999-ல் முதலில் வந்து, 2002-ல் இப்போதுள்ள வடிவத்தை அடைந்தது. இதற்கு நிலையான கதவு உண்டு: 5060. இன்னொரு வேலை, குரலைச் சுமந்து போவது. அது ஆர்.டி.பி., 1996-ல் வந்தது. இதற்கு நிலையான கதவு கிடையாது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒரு எண் முடிவாகும். ஆஸ்டெரிஸ்க் என்ற பிரபலமான இலவச எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இது வழக்கமாக 10000-க்கும் 20000-க்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அந்த எண்ணை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. எஸ்.ஐ.பி. கடிதத்தின் உள்ளே, “என் குரலை இந்த முகவரியில் இந்தக் கதவுக்கு அனுப்பு” என்று போன் எழுதி அனுப்புகிறது. மறுமுனையும் அதேபோல் எழுதிப் பதில் போடுகிறது. முதலாளி சாயப்பட்டறைக்கு போன் போட்டு, “முன் கேட் வேண்டாம், துணியைப் பின்பக்கம் 14-ஆம் ஷட்டருக்குக் கொண்டாந்துருங்க” என்று சொன்னதைப்போல. பட்டறைக்காரருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியாது. அவர் பார்ப்பது உறையின் மேல் எழுதியதை. கடிதத்தின் உள்ளே உள்ளதை அல்ல. பின்பக்கம் வந்த டெம்போவை அவர் திருப்பி அனுப்பினால் அது அவர் தவறில்லை, சொன்ன வேலையைத்தான் செய்கிறார்.

மணி அடிப்பதும் குரல் வராமலிருப்பதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். மணி 5060 வழியாக வந்துவிட்டது. குரல் வேறு கதவில் நிற்கிறது.

இணையத்தில் பாக்கெட்டுகளை அனுப்ப டி.சி.பி., யு.டி.பி. என்று முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. குரல் ஏன் டி.சி.பி.யை விட்டு யு.டி.பி. வழியில் போகிறது என்றும் சொல்ல வேண்டும். டி.சி.பி.யில் ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கும். ஒரு பில்லோ மெயிலோ ஓர் எழுத்துகூடக் குறையாமல் வர அது அவசியம். பேச்சுக்கு உதவாது. விடிகாலையில் சொசைட்டிக்கு வரும் பால் வண்டி போய்விட்ட பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன செய்வது? அரை வினாடி முன்பு சொன்ன சொல்லின் ஒரு துணுக்கு இப்போது வந்தால், அதைப் போட இடமில்லை. அதனால் தொலைந்தது தொலையட்டும், அடுத்தது நேரத்துக்கு வரட்டும் என்று யு.டி.பி. போகிறது. ஒரு திசைக்கு 150 மில்லிவினாடிக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் பேசுகிறவர்களுக்குத் தாமதம் உறைக்காது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதை நெருங்கித் தாண்டும்போதுதான் இருவரும் ஒரே சமயத்தில் “சொல்லுங்க, சொல்லுங்க” என்று மோதிக்கொள்கிறோம்.

உள் முகவரி வெளியே செல்லாது

வாட்ச்மேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபீசுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள். இவை 1996-ல் உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கிய எண்கள். எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் இதே எண்கள்தான். வெளியே போகும்போது ஃபயர்வால் உறைமேல் இருக்கும் உள் முகவரியை அழித்து, கம்பெனியின் ஒரே வெளி முகவரியை எழுதி அனுப்புகிறது. இதற்கு நேட் என்று பெயர்.

இப்போது அந்தக் கம்பெனியில் நடந்ததைப் பாருங்கள். போன் தன் கடிதத்தின் உள்ளே “என் குரலை 192.168.1.25-க்கு அனுப்பு” என்று எழுதியது. அதற்குத் தெரிந்த முகவரி அதுதான். ஃபயர்வால் உறையை மாற்றியது, உள்ளே இருந்ததைத் தொடவில்லை. மறுமுனை கடிதத்தைப் பிரித்து 192.168.1.25-க்குக் குரலை அனுப்பியது. “மூணாவது ஷெட்டுக்கு வாங்க” என்று மட்டும் எழுதி, ஊர் பேரும் கம்பெனி பேரும் எழுதாத மாதிரி. ஷெட் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, வண்டி எங்கே போகும்? நாம் அனுப்பிய குரல் மட்டும் மறுமுனையின் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசியது நமக்குக் கேட்கவில்லை. ஒருபக்கக் குரல் என்றால் முதலில் நேட்டைப் பாருங்கள் என்று எங்கள் தொழிலில் சொல்வது இதை வைத்துத்தான்.

இதைத் தீர்க்கப் பல ஆண்டுகளாகப் பல வழிகள் முயன்றிருக்கிறார்கள். முதல் வழி, வாட்ச்மேனையே கடிதத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்வது. ரவுட்டர், ஃபயர்வால் அமைப்புகளில் ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது கடிதத்தைப் படித்து, உள் முகவரியை வெளி முகவரியாகத் திருத்தி, சொல்லப்பட்ட கதவை அந்த அழைப்பு முடியும்வரை திறந்து வைக்கும். கேட்க அருமையாக இருக்கிறது. நடைமுறையில், விலை குறைந்த ரவுட்டர்களில் இந்த வேலையை அரைகுறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் திருத்தி இன்னொரு இடத்தில் விட்டுவிடும். சரியாக எழுதி வந்த கடிதத்தையும் திருத்திக் கெடுக்கும். 5061-ஆம் கதவு வழியாகப் பூட்டிய உறையில், அதாவது மறையாக்கம் செய்து, கடிதம் வந்தால் பிரிக்கவே முடியாது. நான் போகிற இடங்களில் பத்தில் பெரும்பாலானவற்றில் அந்தச் சுவிட்சை அணைத்ததுமே பாதிப் பிரச்சினை போய்விடுகிறது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே எஸ்.பி.சி. என்ற தனிக் கருவியை வாசலில் வைப்பார்கள். அது கடிதம், குரல் இரண்டையும் தானே வாங்கித் தானே அனுப்பும். எட்டு போன் உள்ள ஆபீசுக்கு அது தேவையில்லை.

இன்னொரு வழி, சர்வர் பக்கமே புத்திசாலியாக இருப்பது. கடிதத்தில் எழுதிய முகவரியை நம்பாமல், நம் குரல் எந்த முகவரியிலிருந்து எந்தக் கதவு வழியாக வந்ததோ அங்கேயே பதில் குரலைத் திருப்பி அனுப்பும். சலான் போட்டு அனுப்பிய வண்டியிலேயே சரக்கு திரும்பி வருகிறது. வாட்ச்மேன் நோட்டில் பதிவு இருக்கிறது, கேட் திறக்கிறது. இன்று நல்ல சேவைகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த தீர்வும் இதுதான், ஏனென்றால் ஃபயர்வாலை எதிர்த்துப் போராடாமல் அதன் வழக்கத்தோடு ஒத்துப்போகிறது.

இரண்டு பக்கமும் நேட்டுக்குப் பின்னால் இருந்தால்? பெருந்துறையிலிருந்து கரூரில் இருப்பவரோடு வாட்ஸாப்பில் பேசுவது அப்படித்தான். இதற்கு மூன்று கருவிகள். ஸ்டன் என்பது, எதிர்ச்சாரி டீக்கடைக்காரரிடம் “அண்ணா, அங்கிருந்து பார்த்தா எங்க கேட்ல என்ன போர்டு தெரியுது?” என்று கேட்பது. வெளியே இருக்கும் ஒரு சர்வரைக் கேட்டு, தன் வெளி முகவரியையும் கதவு எண்ணையும் போன் தெரிந்துகொள்கிறது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினால், இரண்டு வாட்ச்மேன்களும் ‘இது நாம் அனுப்பியதற்குப் பதில்’ என்று உள்ளே விடுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் டர்ன்: இருவருமே சரக்கைப் பொதுவான ஒரு பார்சல் குடோனுக்கு அனுப்பி அங்கிருந்து எடுத்துக்கொள்வது. எப்போதும் வேலை செய்யும், ஆனால் சுற்றுப்பாதை, தாமதம் கூடும். இருக்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் ஐஸ். பிரவுசரிலேயே பேச வைக்கும் வெப்ஆர்டிசி, 2021-ல் அதிகாரபூர்வத் தரமானது, இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தால் நோய் தெரியும்

அழைப்பில் கோளாறு என்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை வினாடியில?” என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கருவி எதுவும் இல்லாமல் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியது இது.

அழைப்பு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே சரியாக 32 வினாடியில் துண்டானால் காரணம் ஏறக்குறைய உறுதி. நம் போன் எடுத்ததும் ‘எடுத்துவிட்டேன்’ என்று கடிதம் போடுகிறது. மறுமுனை ‘சரி’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் ‘சரி’ தவறான முகவரிக்குப் போனாலோ ஃபயர்வாலில் நின்றாலோ, நம் போன் அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு வினாடி, பிறகு நான்கு நான்கு வினாடி என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும். 32 வினாடி ஆகியும் பதில் இல்லை என்றால் வைத்துவிடும். அதுவரை குரல் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும். 15 நிமிடத்தில் துண்டாகும் அழைப்புகளும் உண்டு. நீண்ட அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நடுவில் ஒரு கடிதம் போகும், அது எங்கோ நின்றிருக்கும்.

வெளியே கூப்பிட்டால் போகிறது, வரும் அழைப்பு மட்டும் சில நேரம் மணியே அடிப்பதில்லை என்றால் அது வேறு. யு.டி.பி.யில் ‘முடிந்தது’ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அதனால் சலானை எப்போது அடித்துவிடலாம் என்று ஃபயர்வால் தானாக ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் அடிப்படையிலான ஃபயர்வாலில், பதில் வராத யு.டி.பி. பதிவு 30 வினாடியில் அழிந்துவிடும், இருபக்கமும் ஓடிய பதிவு சுமார் 2 நிமிடம் இருக்கும். மத்தியானம் போன் சும்மா இருக்கும்போது பதிவு அழிகிறது. பிறகு வரும் அழைப்புக்கு நோட்டில் பெயர் இல்லை. மருந்து எளிது: போன் அமைப்பில் ‘கீப் அலைவ்’ என்பதை 20, 25 வினாடிக்கு ஒருமுறை என்று வையுங்கள். சும்மா ஒரு பாக்கெட் போய் வந்துகொண்டிருக்கும், பதிவு அழியாது.

குரல் வருகிறது, ஆனால் சாயங்காலத்தில் மட்டும் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்றால் கதவுப் பிரச்சினை இல்லை. அப்போதுதான் மெர்ச்சண்டைசர்கள் பையருக்குப் படங்களையும் டிசைன் ஃபைல்களையும் ஏற்றுவார்கள். அப்லோடு வரிசையில் 200 பைட் குரல் துண்டு பெரிய ஃபைல்களுக்குப் பின்னால் நிற்கிறது. குரல் பாக்கெட்டுகளில் 46 என்ற முன்னுரிமை எண்ணைப் போட்டு, ஃபயர்வாலில் அந்த எண்ணுக்கு முதல் இடம் கொடுக்கச் சொல்லலாம். கேட்டில் ஆம்புலன்சை முதலில் விடுவதைப்போல. ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துச் சோதிக்கும் ஆழ்ந்த சோதனையிலிருந்தும் குரலுக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள்.

வீடியோ மட்டும் எப்படித் தடையில்லாமல் ஓடுகிறது?

அதே ஆபீசில் யூடியூப் ஒரு தடையும் இல்லாமல் ஓடியது. “வீடியோ ஓடுது, வெறும் குரல் வரமாட்டேங்குதுங்களே” என்று அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் கேட்டது நியாயமான கேள்வி.

பழைய காலத்து ஸ்ட்ரீமிங்கும் இதே சிக்கலில்தான் இருந்தது. 1998-ல் அதிகாரபூர்வத் தரமாக வந்த ஆர்.டி.எஸ்.பி. என்ற முறை 554-ஆம் கதவில் பேசி, படத்தை வேறு கதவுகளில் அனுப்பியது. ஃபயர்வால்கள் தடுத்தன. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை வேறு பாதை பிடித்தது. படத்தைச் சில வினாடித் துண்டுகளாக்கி, சாதாரண இணையப் பக்கம் மாதிரியே முன்வாசல் வழியாக ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குவது. இன்று அது 443-ஆம் கதவு. கேட்டதும் நாம், பதிலும் அதே பாதையில். வாட்ச்மேனுக்கு இது தினமும் பார்க்கும் சலான். சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால் நடுவில் ஒன்று தாமதமானாலும் படம் நிற்காது. பேச்சில் இப்படி முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது, எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது குயிக் என்ற புதிய முறை, 2021-ல் தரமானது, அதே 443 எண்ணில் யு.டி.பி. வழியாகவும் வருகிறது. ஃபயர்வால் அதைத் தடுத்தாலும் வீடியோ டி.சி.பி.க்கு இறங்கி ஓடிவிடும். ஜூம், டீம்ஸ் போன்ற கூட்டச் செயலிகளும் யு.டி.பி.யைத்தான் முதலில் தேடும்: டீம்ஸ் 3478 முதல் 3481 வரை, ஜூம் 8801 முதல் 8810 வரை. மூடியிருந்தால் 443 டி.சி.பி.யில் போய்ச் சமாளிக்கும், ஆனால் குரல் இழுத்துக்கொண்டு வரும். இந்தக் கதவுகளை வெளியே போகும் திசையில் மட்டும் திறந்தால் போதும். பலர் இதை விட்டுவிட்டு ‘நெட் சரியில்லை’ என்கிறார்கள்.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?

அவசரத்தில் சிலர் 5060-ஐயும் 10000 முதல் 20000 வரையும் ஊர் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டுப் போகிறார்கள். குரல் வந்துவிடும், உண்மைதான். இணையத்தில் 5060 திறந்திருக்கும் முகவரிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இரவு பகல் ஓடுகின்றன. பாஸ்வேர்டு எளிதாக இருந்தால் உள்ளே புகுந்து, யாரும் இல்லாத ராத்திரியில் உங்கள் கணக்கில் வெளிநாட்டு எண்களுக்குக் கூப்பிடுவார்கள். தறி ஓட்டிச் சேர்த்த பணம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். திறக்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் சேவைக்காரரின் முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும் திறங்கள்.

கேமராவுக்கும் இதையே சொல்வேன். வீட்டிலிருந்து செல்போனில் தறிக்கூடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, மாட்டுகிறவர் 554-ஐத் திறந்துவிட்டு, வந்தபோது இருந்த பாஸ்வேர்டையே விட்டுவிடுகிறார். 2016-ல் மிராய் என்ற கெடுநிரல் மாற்றாத பாஸ்வேர்டுள்ள கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. கேமரா பார்க்க வி.பி.என்., அதாவது வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனிப்பாதை, போட்டு உள்ளே வருவதுதான் சரி.

திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், உங்களுக்கு மேலே இணையம் தருகிறவரிடமே இன்னொரு நேட் இருக்கிறது. உங்கள் வாட்ச்மேன் திறந்தாலும் வெளி கேட் பூட்டியே இருக்கும். நிலையான முகவரி கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போகும் வழியை மட்டும் நம்பும் சேவையாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பனியன் கம்பெனியில் நான் செய்தது மூன்று வேலை. ரவுட்டரில் ஏ.எல்.ஜி.யை அணைத்தேன். போன்களில் ஸ்டன் சர்வர் முகவரியும் 25 வினாடி கீப் அலைவும் போட்டேன். முன்பு யாரோ ஊருக்கே திறந்து வைத்திருந்த 5060-ஐ மூடினேன். பிறகு அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரிடம், பெருந்துறைக்குக் கூப்பிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசச் சொன்னேன். 32 தாண்டியது. ஒரு நிமிடம் தாண்டியது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே நூல் வண்டி எப்போது வரும் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.